திதி வெண்பா காட்டிய நேரம்

புத்தகக் கடைக்காரர் ஒருவரைத் துப்பறிபவராக வைத்து நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் யாழ்ப்பாணம், காலம் 2003ஆம் ஆண்டு வைகாசி. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரவு உறங்கப் போய்க் காலையில் இறந்து கிடந்தார் என்று வீட்டார் சொல்கிறார்கள். அந்தச் சாவில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்று கடைக்காரரின் மனத்தில் படுகிறது. நானும் புத்தகக் கடையிலேயே காலத்தைக் கழிப்பவன் என்பதால், இந்த ஊரில் அப்படிப்பட்ட ஒருவருக்கு உண்மையில் என்ன தெரிந்திருக்கும், எதைக் கொண்டு அவர் ஒரு மரணத்தை ஆராய முடியும், எந்த இடத்தில் அவர் நின்றுவிட வேண்டும் என்பவற்றைப் பற்றி நிறையவே யோசிக்க வேண்டியிருந்தது. அந்த யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன். கதையின் முக்கிய முடிச்சு இதில் அவிழ்ந்துவிடும்; குற்றவாளி யார் என்பதை மட்டும் நாவலுக்கென்று வைத்துக்கொள்கிறேன்.

வெளியூர்க் கதைகளில் வரும் பொழுதுபோக்குத் துப்பறிவாளர்கள் வீடு வீடாகச் சென்று கேள்வி கேட்கிறார்கள். கேட்கப்பட்டவர்களும் தேநீர் கொடுத்துப் பதில் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில், அதுவும் 2003இல், அது நடக்காது. சுற்றிவளைப்புகளில் சாக்கினால் முகத்தை மூடிய தலையாட்டிகளின் (ஆட்களைக் காட்டிக்கொடுப்பவர்களின்) முன்னால் வரிசையில் நின்று, அந்தத் தலை எந்தப் பக்கம் அசையும் என்று பார்த்திருந்த மக்களிடம், “அன்றிரவு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?” என்று ஒருவர் போய்க் கேட்டால், முதலில் எழும் எண்ணம் “இவர் யாருக்காகக் கேட்கிறார்?” என்பதாகவே இருக்கும். கேள்வி கேட்பதே ஓர் அச்சுறுத்தலாக இருந்த ஊர் இது. ஆகவே என் கடைக்காரர் எவரையும் விசாரிப்பதில்லை என்று முதல் அத்தியாயத்திலேயே முடிவு செய்தேன். அவர் வாசிக்கிறார். தாள்களை வாங்கி விற்பதும், ஒரு தாள் எங்கிருந்து வந்தது, எப்போது அச்சானது, யார் கையில் இருந்தது என்று பார்ப்பதும் அவருடைய அன்றாடத் தொழில். அந்தத் தொழிலுக்கு வெளியே அவர் கால் வைக்கக்கூடாது.

ஒரு சாவு சந்தேகத்துக்கு இடமானதாக இருந்தால் இலங்கையில் என்ன நடக்கிறது என்பதைக் கதை எழுதுபவர் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, ஒருவர் தற்கொலை செய்தாலோ, விபத்திலோ விலங்கினாலோ இயந்திரத்தினாலோ கொல்லப்பட்டாலோ, திடீரென்றோ காரணம் தெரியாமலோ இறந்தாலோ, தகவல் கிடைத்தவுடன் திடீர் மரண விசாரணை அதிகாரி சடலம் இருக்கும் இடத்துக்குச் சென்று, காயங்களையும் கீறல்களையும் குறித்து, மரணத்துக்கான காரணம் எதுவாகத் தோன்றுகிறது என்று அறிக்கை தயாரிக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த அறிக்கை நீதவானுக்குப் போகிறது. தேவையெனில் சட்ட வைத்திய அதிகாரி உடற்கூற்றுப் பரிசோதனை செய்கிறார்; யாழ்ப்பாணத்தில் அது போதனா வைத்தியசாலையில் நடக்கும். சந்தேகம் தீராத மரணங்களில் சடலத்தை எரிக்காமல் புதைக்குமாறு நீதவான் உத்தரவிடுவதும் உண்டு. புதைத்த உடலைப் பின்னொரு நாள் தோண்டியெடுத்துப் பார்க்க முடியும்.

என் கதையில் அப்படி ஓர் உத்தரவு இல்லை. எழுபதைக் கடந்த மனிதர், நெடுநாள் இருதய நோயாளி, உடலில் காயமில்லை, வீட்டாரின் வாக்குமூலங்கள் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. இயற்கை மரணம் என்று முடிவாகிறது. மறுநாள் கோம்பயன்மணல் மயானத்தில் உடல் தகனம் செய்யப்படுகிறது. கடைக்காரரின் ஐயம் தொடங்கும்போது பரிசோதிப்பதற்கு உடல் இல்லை. உடல் இருந்திருந்தாலும் இறந்த நேரத்தைச் சொல்வது இலகுவாக இருந்திராது. சடலம் குளிர்வதைக் கொண்டு நேரத்தைக் கணிக்கும் முறை குளிர் நாடுகளில் கைகொடுப்பதுபோல் எங்கள் காண்டாவன வெயிலில் கைகொடுப்பதில்லை. சுற்றியுள்ள வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கியிருக்கும்போது உடல் மிக மெதுவாகவே சூட்டை இழக்கும். விறைப்பும் வெப்பத்தில் விரைவாக வந்து விரைவாக விலகும். எந்த மருத்துவரும் இத்தனை மணிக்கும் இத்தனை மணிக்கும் இடையில் என்று ஒரு நீண்ட இடைவெளியைத்தான் சொல்வார்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு சாவு நிகழ்ந்தால் நிறையத் தாள்கள் பிறக்கின்றன. மதிற்சுவரில் ஒட்டும் மரண அறிவித்தல், பத்திரிகையில் வரும் அறிவித்தல், கிராம அலுவலரின் கடிதம், மரணச் சான்றிதழ், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சிட்டு வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு. இந்தக் கடைசி வகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் ஊரின் அச்சுப் பண்பாட்டில் இதற்கு இணையான இன்னொரு சான்று எனக்குத் தெரிந்து இல்லை. இறந்தவரின் புகைப்படம், வம்சாவளி, படித்த பள்ளிக்கூடம், பார்த்த உத்தியோகம், மக்கள் மருமக்கள் பேரப்பிள்ளைகளின் பெயர்கள், தேவார திருவாசகங்கள், நன்றி நவிலல் எல்லாம் அதில் இருக்கும். வரலாற்று நூல்களில் இடம்பெறாத பல்லாயிரம் மனிதர்களின் வாழ்க்கை இந்த மெல்லிய புத்தகங்களில்தான் பதிவாகியிருக்கிறது. இணையத்தில் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் இவற்றைத் தனி வகையாகவே சேகரித்துப் பாதுகாத்து வருவது பெரிய தொண்டு. 1981இல் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிக்கப்பட்டுச் சாம்பலாவதைப் பார்த்த ஊரில், வீட்டு அலுமாரிகளில் கிடக்கும் இத்தகைய தாள்களின் பெறுமதியைத் தாழ்வாக எண்ணுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

கல்வெட்டின் முற்பக்கங்களில் ஒன்றில் திதி வெண்பா இருக்கும். இறந்த ஆண்டு, மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி ஆகியவற்றை நான்கு அடிகளுக்குள் சொல்லி, இன்னார் இறைவனடி சேர்ந்தார் என்று முடியும் பாடல் அது. என் நாவலின் ஆசிரியருக்காக நான் கட்டிய வெண்பா இது:

சொல்லும் சுபானுவில் தோன்றிய வைகாசி
மெல்லத்தேய் பக்கத்துச் சத்தமியில் – நல்ல
குறைவிலாக் கல்வி கொடுத்தபே ராசான்
இறைவ னடிசேர்ந்தா ரிங்கு.

கடைக்காரரின் கையில் இந்தக் கல்வெட்டு அந்தியேட்டிக்குப் போன இடத்தில் கிடைக்கிறது. அவர் அதைக் கடைக்குக் கொண்டுவந்து, வழக்கமாக வாசிப்பதுபோல வாசிக்கிறார். சத்தமி என்ற சொல்லில் அவருடைய கண் நிற்கிறது. வாக்குமூலத்தின்படி ஆசிரியர் இரவு பத்து மணிக்குப் பின்னர், விடிவதற்குள், ஏதோ ஒரு நேரத்தில் இறந்திருக்க வேண்டும். அன்று மாலையே சத்தமி முடிந்து அட்டமி தொடங்கிவிட்டது. இரவில் இறந்தவருக்கு அட்டமி என்றுதான் பாடியிருக்க வேண்டும்.

புத்தகக் கடைக்காரருக்கு இது எப்படித் தெரியும் என்று வெளியூர் வாசகர் கேட்கலாம். உள்ளூர் வாசகர் கேட்கமாட்டார். கொப்பியும் கடந்தகால வினாத்தாளும் விற்கும் அதே மேசையில்தான் பஞ்சாங்கமும் விற்கிறோம். சித்திரை பிறப்பதற்கு முன்னரே அது வந்துவிடும். விற்காமல் எஞ்சிய பழைய ஆண்டுப் பிரதிகள் பின்னறையில் கட்டாகக் கிடக்கும். பழைய திவசத் திதியைச் சரிபார்க்க, பிள்ளையின் சாதகம் எழுதுவிக்க என்று யாராவது அவற்றைத் தேடி வருவார்கள். அந்தக் கட்டுதான் என் கடைக்காரரின் ஆய்வுகூடம்.

திதி என்பது சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலக எடுக்கும் காலம். அது ஏறத்தாழ 19 மணியிலிருந்து 26 மணி வரை நீளக்கூடியது. பகல் இரவு என்ற கணக்குக்கு அது கட்டுப்படுவதில்லை, மதியத்திலும் மாறும், நள்ளிரவிலும் மாறும். ஒருவர் இறந்த திகதியை மரணச் சான்றிதழ் சொல்லும். அந்தத் திகதிக்குள் எந்தப் பகுதி என்பதைத் திதி சொல்லிவிடும்.

இங்கே கடைக்காரர் அவசரப்பட்டு எழுந்து பொலிஸ் நிலையத்துக்கு ஓடினால் அவர் நல்ல வாசகர் அல்லர். நாவலின் நடுப்பகுதி முழுவதும் அவர் தன் ஐயத்தைத் தானே உடைத்துப் பார்ப்பதில்தான் கழிகிறது. எழுதும்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே. முதலாவது தடை, யாழ்ப்பாணத்தில் ஒரு பஞ்சாங்கம் இல்லை, வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு முறைகள் வழங்குகின்றன என்பது. ஒன்று மரபான வாக்கியக் கணக்கைப் பின்பற்றுகிறது. மற்றையது வானத்தில் கோள்கள் காணப்படும் நிலையோடு ஒத்துப்போகுமாறு திருத்திய கணக்கைப் பின்பற்றுகிறது. புத்தாண்டு பிறக்கும் நேரத்தைப் பத்திரிகைகள் இரு கணக்குப்படியும் வெவ்வேறாக அறிவிப்பதை ஒவ்வொரு சித்திரையிலும் காண்கிறோம். திதி முடியும் நேரமும் இரண்டுக்குமிடையில் சில மணி நேரம் கூட வேறுபடலாம். என் கதையில் திருக்கணிதப்படி சத்தமி மாலை ஏழு மணிக்குச் சற்றுப் பின்னர் முடிகிறது. வாக்கியப்படி ஒன்பதரை மணிக்கு மேலும் நீடிக்கிறது. அந்த வீட்டார் வாக்கியக்காரராயின், பத்து மணிக்கு உறங்கப் போனார் என்பதை ஒன்பதரை என்று தளர்த்திவிட்டால், குற்றமே இல்லாமல் போய்விடும். எனவே அந்தக் குடும்பத்தின் பழைய கல்வெட்டுகளை, ஆசிரியரின் தாய் தந்தையருடையவற்றை, கடைக்காரர் தேடிப் பிடித்து, அவை எந்தக் கணக்கைப் பின்பற்றின என்று ஒப்பிட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது தடை இன்னும் நுணுக்கமானது; அது அந்தக் காலத்துக்கே உரியது. 1996இல் அரசாங்கம் கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்னகர்த்திப் பின்னர் அரை மணி நேரம் பின்னகர்த்தியது; 2006 சித்திரை வரை நாட்டின் நேரம் பழைய நேரத்தைவிட அரை மணி முன்னதாக இருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே தொடர்ந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்த பின்னர், முகமாலைச் சோதனைச் சாவடியைக் கடந்து போனவர்களும் வந்தவர்களும் ஒரே நாளுக்குள் இரண்டு நேரங்களில் வாழ்ந்தார்கள். “புதுநேரமோ பழையநேரமோ?” என்று கேட்காமல் எவரும் ஒரு கலியாண முகூர்த்தத்தைக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. ஆசிரியரின் தங்கை கிளிநொச்சியிலிருந்து அண்ணனைப் பார்க்க வந்திருந்தவர். அவருடைய கைக்கடிகாரம் பழைய நேரத்தில் ஓடுகிறது. ஏழு மணிக்குச் சற்றுப் பின்னர் மாறுகின்ற ஒரு திதியை வைத்துக்கொண்டு வாதிடுபவருக்கு அந்த அரை மணி நேரம் மிகப் பெரியது. நல்லவேளையாகப் பஞ்சாங்கத்தில் நாழிகைக் கணக்கும் இருக்கிறது. நாழிகை சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுவது; எந்த அரசாங்கம் கடிகார முள்ளை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது அசையாது. இரண்டரை நாழிகை ஒரு மணி என்று கடைக்காரர் பென்சிலால் கணக்குப் போடும் அந்த அத்தியாயத்தைச் சுருக்கச் சொல்லி நண்பர்கள் கேட்டார்கள். நான் சுருக்கவில்லை.

இனி, ஆசிரியர் மாலை ஏழு மணிக்கு முன்னரே இறந்துவிட்டார் என்றால் அதை ஏன் மறைக்க வேண்டும்? யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு கேள்வி எழுந்தால் காணி உறுதியைத் தேடுவதே முறை. இங்குள்ள தமிழரின் சொத்துரிமையை 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை இன்றும் ஆள்கிறது. முதுசம் (வழிவழி வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடியது) என்று சொத்து பிரிகிறது. பங்குக் காணியை ஒருவர் விற்க முற்பட்டால் மற்றைய பங்காளிகளுக்கு அதை முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. அந்த உரிமை விற்பனையின்போது மட்டுமே எழும். ஆகவே பங்காளிகளை விலக்க நினைப்பவர் அறுதி உறுதி (விற்பனை உறுதி) எழுதாமல் நன்கொடை உறுதியை நாடுவார். காணி உறுதியானது நொத்தாரிசுக்கும் குறைந்தது இரண்டு சாட்சிகளுக்கும் முன்னிலையில், அனைவரும் ஒருங்கே இருக்கையில் கையொப்பமிடப்பட வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாது. அன்றிரவு எட்டு மணிக்கு ஆசிரியர் முழு நினைவோடு தம் முதுசக் காணியை நன்கொடையாக எழுதிக் கொடுத்தார் என்று இரண்டு சாட்சிகளும் சொல்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு அவர் உயிரோடு இருந்தால்தான் அந்த உறுதிக்கு உயிர்.

அவருடைய சாவு கொலையா, இல்லை, இயல்பாக நேர்ந்த சாவை ஒரு மாலைப் பொழுது மறைத்து வைத்தார்களா என்பதுதான் நாவலின் பிற்பாதி. அதைச் சொல்லப் போவதில்லை. ஆனால் இவ்வளவு கவனமாக நேரத்தை மறைத்த வீட்டில், ஒருவர் மட்டும் ஏன் உண்மையான திதியைப் பாட்டில் சேர்க்க விட்டார் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கதையை எழுத வேண்டும் என்ற எண்ணமே எனக்கு அங்கிருந்துதான் வந்தது. கடைக்காரர் தங்கையைச் சந்திக்கும் காட்சியில் கேள்வி என்று ஒன்றைத்தான் கேட்கிறார்.

“அக்கா, இந்தத் திதியைப் பாட்டு எழுதினவருக்குச் சொன்னது ஆர்?”

“நான்தான் தம்பி. பொலிசுக்குச் சொன்ன கதையை அண்ணைக்கும் சொல்ல ஏலுமே? வருசா வருசம் அந்தத் திதியிலைதானே அவருக்குப் படைக்க வேணும்.”

திதி பிழைத்தால் திவசம் பிழைக்கும். திவசம் பிழைத்தால் படைப்பது அவருக்குச் சேராது. மருமகனுக்குப் பயந்தும், வீடு உடைந்து போகக்கூடாதே என்றும் விசாரணை அதிகாரியிடம் பொய் சொல்ல அந்தப் பெண்ணால் முடிந்தது. இறந்த அண்ணனுக்குப் பொய்த் திதியைக் கொடுக்க முடியவில்லை. மற்றவர்கள் கல்வெட்டைப் படம் நன்றாக விழுந்திருக்கிறதா, தங்கள் பெயர் சரியான இடத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள், வெண்பாவை வாசிக்கவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்த பின்னர் கடைக்காரர் என்ன செய்ய வேண்டும் என்பதில் சட்டம் அவருக்குத் தெரிவு எதையும் விட்டுவைக்கவில்லை. ஒரு திடீர் மரணம் பற்றியோ சந்தேகத்துக்கிடமான மரணம் பற்றியோ அறிந்த எவரும், தகுந்த காரணம் இல்லாதவிடத்து, அதைத் தாமதமின்றி நீதவான் நீதிமன்றத்துக்கோ பொலிஸ் நிலையத்துக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிக்க வேண்டும் என்பது அதே குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 21ஆம் பிரிவு. துப்பறியும் கதைகளில் வருபவர் தடயத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறுதி அத்தியாயத்தில் எல்லோரையும் ஒரு அறையில் கூட்டி வெளிப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு சாவைப் பற்றிய உண்மை அதைக் கண்டவரின் கெட்டித்தனத்துக்குச் சொந்தமானதல்ல. ஆனால் அந்தக் கல்வெட்டை நீதவானிடம் கொடுத்தால் முதலில் அகப்படுபவர் பொய் வாக்குமூலம் கொடுத்த தங்கை. உண்மையைச் சொன்ன ஒரே ஆளும் அவர்தான். இதில் கடைக்காரர் படும் வேதனையை ஓர் இரவுக்குள் அடக்கி எழுத நான் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.

மரண விசாரணை என்ற நடைமுறைக்கு ஒரு கதையில் இவ்வளவு மதிப்புக் கொடுப்பதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது. 1983 ஜூன் மாதத்தில் கொண்டுவரப்பட்ட 15ஏ என்ற அவசரகால ஒழுங்குவிதி, விசாரணை எதுவும் இன்றிச் சடலங்களைப் புதைக்கவும் எரிக்கவும் பாதுகாப்புத் தரப்புக்கு அதிகாரம் கொடுத்தது. அதற்குப் பின்னர் இங்கே எத்தனையோ சாவுகளுக்கு அறிக்கை இல்லை, காரணம் இல்லை, திதி இல்லை. காணாமல் போன பிள்ளைக்கு எந்தத் திதியில் திவசம் செய்வது என்று தெரியாமல், செய்தால் இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று, ஒன்றும் செய்யாமல் இருக்கும் தாய்மாரை இந்த ஊரில் அறியாதவர் இல்லை. 1999இல் செம்மணியில் 15 பேரின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. 2025இல் அதே செம்மணிப் பகுதியில் நீதவானின் மேற்பார்வையில் நடந்த அகழ்வில் 200இற்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஒரு குழந்தையின் எச்சங்களோடு பள்ளிப் பையும் இருந்தது. கண்டெடுத்த ஆடைகளையும் பொருட்களையும் நீதிமன்றம் மக்களின் பார்வைக்கு வைத்தபோது, ஒரு சட்டைத் துணியையோ ஒரு செருப்பையோ அடையாளம் காண முடியுமா என்று மக்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் எப்போது, எப்படி இறந்தார் என்று கேட்டு எழுதிவைப்பது அவருக்கு உயிரோடிருப்பவர்கள் செய்யும் முதற் கடமை என்று நம்புவதால்தான், என் கடைக்காரர் விசாரணை அதிகாரியை மூடராகக் காட்டி மேலெழுவதை நான் விரும்பவில்லை. அந்த அதிகாரி தமக்குச் சொல்லப்பட்டதை ஒழுங்காக எழுதினார். அவருக்குச் சொல்லப்படாத ஒன்று இன்னொரு தாளில் இருந்தது. கடைக்காரர் அதை அவருடைய அறிக்கையோடு கொண்டுபோய்ச் சேர்க்கிறார், அவ்வளவுதான்.

எழுதி முடிப்பதற்கு முன்னர் வாசிப்பவர்களிடம் ஓர் உதவி வேண்டும். 1996இற்கும் 2006இற்கும் இடையில் அச்சான கல்வெட்டுகளில் இறந்த நேரத்தைப் புதுநேரம், பழையநேரம் என்று பிரித்துக் குறித்தவை எவரிடமாவது இருந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்புங்கள். இறந்தவரின் பெயரையும் குடும்பத்தாரின் பெயர்களையும் மறைத்துவிடலாம். நேரம் எழுதப்பட்ட முறையும் வெண்பாவும் தெரிந்தாலே எனக்குப் போதும். வன்னியில் அச்சானவை கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனெனில் தங்கை கிளிநொச்சிக்குத் திரும்பிய பின்னர் அங்கே ஓர் ஆண்டுத் திவச அழைப்பிதழ் அச்சிடும் அத்தியாயம் பாதியில் நிற்கிறது.